ஜி.எஸ்.ஐ. கனிமம் இருப்பதாகச் சொன்னால் சுரங்கம் வந்துவிடுமா?

கேள்வி: மதுரை அருகே அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க விவகாரத்தில் ஜி.எஸ்.ஐ. என்ற பெயர் அடிக்கடி அடிபட்டது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் என்கிற அந்த அமைப்பு உண்மையில் என்ன செய்கிறது? அது ஓரிடத்தில் கனிமம் இருப்பதாகச் சொல்லிவிட்டால் அங்கே சுரங்கம் வருவது உறுதியா? அதன் கணக்குகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுரங்கம் அமைப்பதும், உரிமம் கொடுப்பதும், நிலம் எடுப்பதும் ஜி.எஸ்.ஐ.யின் வேலைகள் இல்லை. நாட்டின் நிலம் எதனால் ஆனது, எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதற்குள் என்ன இருக்கக்கூடும், அந்த நிலம் எப்போது நடுங்கும், எங்கே சரியும் என்பதைப் படித்து எழுதி வைப்பதுதான் அதன் பணி. அது தருகிற எண்களை நம்பலாம். ஆனால் ஒவ்வோர் எண்ணும் எந்தக் கட்டத்தில் சொல்லப்பட்டது என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. நம் செய்தித்தாள்கள் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் வெட்டி எறிகின்றன. பெரும்பாலான குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

இதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த உதாரணம் சோன்பத்ரா. 2020 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்தில் 3,000 டன்னுக்கும் அதிகமான தங்கம் கிடைத்துவிட்டதாக மாவட்டச் சுரங்க அலுவலர் ஒருவரின் பேச்சை வைத்துச் செய்தி பரவியது. ரிசர்வ் வங்கியின் கையிருப்பைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு! தொலைக்காட்சிகள் இந்தியாவைப் பணக்கார நாடாக்கிவிட்டன. ஓரிரு நாளில் ஜி.எஸ்.ஐ. மறுத்தது. தங்கள் ஆய்வில் தெரிந்தது சுமார் 52,806 டன் தாது என்றும், டன்னுக்குச் சராசரியாக 3.03 கிராம் தங்கம் என்றும் சொன்னது. பெருக்கிப் பாருங்கள்: 160 கிலோ. ஆயிரக்கணக்கான டன் என்று கொண்டாடப்பட்டது ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய அளவுதான். தாதுவின் எடையையும் அதிலுள்ள உலோகத்தின் எடையையும் பிரித்துச் சொல்லாத எந்தக் கனிமச் செய்தியையும் நான் பாதிக்கு மேல் படிப்பதில்லை.

2023 பிப்ரவரியில் ஜம்மு–காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் இருப்பதாக அறிவிப்பு வந்தபோதும் இதே கதைதான். அது தாதுவின் கணக்கு. அதுவும் முழுமையாகத் துளையிட்டு அளந்த கணக்கு இல்லை. முதற்கட்டத் தேடலை வைத்து ஊகித்தது. அரசின் அறிவிப்பிலேயே 'ஊகிக்கப்பட்ட வளம், ஜி-3' என்று தெளிவாக இருந்தது. அதை யார் படித்தார்கள்? உலகில் இன்று விற்பனைக்கு வரும் லித்தியத்தில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் கடினப் பாறையிலிருந்தும் தென் அமெரிக்காவின் உப்புநீரிலிருந்தும் வருகிறது. ரியாசியில் உள்ளதோ பாக்சைட் என்கிற அலுமினியத் தாதுவை ஒட்டிய களிமண் தன்மையுள்ள பாறை. அதிலிருந்து பிரித்தெடுப்பது வேறு விதமான சிக்கல். அந்த நிலத்தை ஏலம் விட்டபோது போதிய நிறுவனங்கள் முன்வரவில்லை. 2024-இல் ஏலம் ரத்தானது. ஜி.எஸ்.ஐ. சொன்னது பொய் என்று அப்போது சிலர் எழுதினார்கள். அது சொன்னது பொய்யில்லை. அது சொல்லாததையும் நாம் சேர்த்துக் கேட்டுக்கொண்டோம்.

கனிமத் தேடலில் நான்கு படிகள் உண்டு. ஜி-4 என்பது முன்னோட்டம். பாறை வரைபடத்தைப் பார்த்து, ஓடை மணலையும் பாறைத் துண்டுகளையும் எடுத்துச் சோதித்து, 'இந்த வட்டாரத்தில் தேடலாம்' என்று சொல்வது. ஜி-3 கட்டத்தில் இடத்தைச் சுருக்கி, குழி வெட்டி, தொலைவு தொலைவாகச் சில துளைகளும் போடுவார்கள். ஜி-2-இல் துளைகள் நெருங்கும். கனிமப் படிவத்தின் வடிவமும் அளவும் தரமும் ஓரளவு பிடிபடும். ஜி-1 என்பது சுரங்கத் திட்டம் போடும் அளவுக்கான விரிவான தேடல். ஜி.எஸ்.ஐ.யின் பணி பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று படிகளிலேயே நின்றுவிடும். அதன் பிறகும், எடுத்தால் கட்டுப்படியாகுமா, எடுக்கத் தொழில்நுட்பம் இருக்கிறதா, எடுக்க அனுமதி கிடைக்குமா என்ற மூன்று கேள்விகள் தனியாக நிற்கும். ஜி-4 அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு புதையல் கிடைத்துவிட்டது என்று கூவுவது, ஜாதகம் பொருந்தியதுமே பேரனுக்குப் பெயர் தேடுவதைப் போன்றது.

இந்தப் பின்னணியில் அரிட்டாபட்டிக்கு வருவோம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேரை மத்தியச் சுரங்க அமைச்சகம் ஏலம் விட்டு, 2024 நவம்பரில் வெற்றி பெற்ற நிறுவனத்தை அறிவித்தது. அந்த எல்லைக்குள் 2022-இல் தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டிப் பகுதி, சுமார் 193 ஹெக்டேர், அடங்கியிருந்தது. குடைவரைக் கோயிலும் தமிழிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் உள்ள குன்றுகள் அவை. மக்கள் திரண்டார்கள், டிசம்பரில் சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது. இடையில் எல்லையை மாற்றி வரையலாமா என்று மறுபடி பார்க்கச் சொல்லி ஜி.எஸ்.ஐ.யிடமே அனுப்பினார்கள்.

இதில் ஜி.எஸ்.ஐ.யின் பங்கு எது? அந்தப் பாறைகளில் டங்ஸ்டனுக்கான அறிகுறி இருக்கிறது என்று பதிவு செய்தது. அது அதன் கடமை. அங்கே கோயில் இருக்கிறது என்பதற்காகப் பாறையில் உள்ளதை மறைத்து எழுத முடியாது. அந்த நிலத்தை ஏலப் பட்டியலில் வைக்கலாமா என்பது அமைச்சகம் எடுத்த முடிவு. 2015-இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பெரும் கனிமங்களை ஏலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. தேடலும் சுரங்கமும் சேர்ந்த கூட்டு உரிமம் என்ற ஏற்பாட்டில், தொடக்க நிலைத் தகவல் மட்டுமே உள்ள நிலத்தைக்கூட ஏலத்துக்குக் கொண்டுவர முடிகிறது. என் பார்வையில் கோளாறு அங்கேதான். முன்பெல்லாம் அறிக்கைக்கும் உரிமத்துக்கும் நடுவே பல ஆண்டுகள் இருந்தன. அந்த இடைவெளியில் ஊர்க்காரர்களும் வனத்துறையும் தொல்லியல் துறையும் பேச நேரம் கிடைத்தது. இப்போது பாறையைப் பற்றி முழுசாகத் தெரியும் முன்பே, மேலே வாழ்பவர்களைப் பற்றிக் கேட்கும் முன்பே, நிலத்துக்கு விலை குறிக்கப்பட்டுவிடுகிறது. கோபத்தை யார் மேல் காட்ட வேண்டும் என்பதில் தெளிவு இருந்தால் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே குரல் எழுப்பலாம்.

சரி, கனிமம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த நிறுவனத்தின் அடித்தளமே வரைபடம்தான். ஒரு நிலவியலாளர் களத்துக்குப் போகிறார் என்றால் சர்வே வரைபடம், சுத்தியல், கைலென்ஸ், சரிவு அளக்கும் காம்பஸ், இப்போது ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றோடு நடையாக நடக்கிறார் என்று பொருள். 1:50,000 அளவுள்ள ஒரு வரைபடத் தாள் நம் பகுதியில் ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டரை அடக்கும். ஓடைக் கரை, சாலைக்காக வெட்டிய மேடு, கல்குவாரி என்று பாறை வெளியே தலைகாட்டும் இடமெல்லாம் அவர் நிற்பார். தமிழ்நாட்டுச் சமவெளியில் கிணற்றடி மண்மேடு அவருக்குப் பெரும் வரம். பத்து மீட்டர் ஆழத்தில் என்ன பாறை என்பதை யாரோ ஒரு விவசாயி கடன் வாங்கித் தோண்டிக் காட்டியிருப்பார். பாறையின் அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்ந்து மண்ணுக்குள் இறங்குகிறது என்பதை அளந்து குறித்துக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத ஆழத்திலும் அது எப்படிப் போகும் என்பதை ஊகித்து வரைய முடியும். கொண்டுவந்த துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால் பாறை கண்ணாடி போல ஒளி ஊடுருவ நிற்கும். நுண்ணோக்கியில் அதன் கனிமங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லலாம்.

அண்மைக் காலத்தில் இதோடு வேதியியல் வரைபடமும் சேர்ந்திருக்கிறது. நாட்டை 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஓடை வண்டலை எடுத்து, அறுபதுக்கும் மேற்பட்ட தனிமங்களுக்குச் சோதிக்கிறார்கள். கனிமம் தேடத்தான் இது தொடங்கப்பட்டது. ஆனால் ஒரு வட்டாரத்தின் மண்ணில் ஆர்செனிக்கோ ஃப்ளோரைடோ இயற்கையாகவே மிகுதியா என்பதைச் சொல்லவும் இந்தத் தரவுதான் உதவும். தருமபுரி, சேலம் பக்கத்தில் ஃப்ளோரைடால் பல் பழுப்பேறிய தலைமுறைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வரைபடம் எப்போது பயன்படும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. திருச்சிக்கு வடக்கே உள்ள, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்துக் கடல்படிவுகளை ஜி.எஸ்.ஐ.யின் ஹென்றி பிளான்ஃபோர்டு வரைந்து 1862-இல் வெளியிட்டார். உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த பாறைத் தொகுதிகளின் பெயர்களை உலகின் நிலவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது அமோனைட் என்கிற சுருள் சங்கு உயிரிகளின் பட்டியலாக மட்டும் தெரிந்திருக்கும். முக்கால் நூற்றாண்டு கழித்து, 1939-இல் டால்மியாபுரத்தில் சிமென்ட் ஆலை எழுந்தது. பிறகு அரியலூரைச் சுற்றி எத்தனை ஆலைகள்! எல்லாம் அந்தக் கடலின் சுண்ணாம்பைத் தின்று வளர்ந்தவை.

1851 மார்ச்சில் அயர்லாந்துக்காரரான தாமஸ் ஓல்டாம் கல்கத்தாவில் பொறுப்பேற்றதிலிருந்து ஜி.எஸ்.ஐ.யின் வயதைக் கணக்கிடுகிறார்கள். பிரிட்டன் 1835-இல் தன் நாட்டுக்கு இப்படி ஓர் அமைப்பை உருவாக்கியிருந்தது. அதுவே உலகின் முதல் தேசிய நிலவியல் ஆய்வு அமைப்பு. இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது நிலக்கரி. நீராவிக் கப்பல்களுக்கும் வரப்போகும் ரயிலுக்கும் எரிபொருள் எங்கே என்று தேடத்தான் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஓல்டாமுக்கு முன் வந்த டேவிட் வில்லியம்ஸ் 1848-இல் காட்டுக் காய்ச்சலில் இறந்துபோனார். இந்த அமைப்பு சுரண்டலுக்காகப் பிறந்தது என்பதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் நிலக்கரி தேடப் போனவர்கள் அதோடு நிற்கவில்லை. ஒடிசாவின் தால்சேரில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் கிடந்த உருண்டைப் பாறைகளைப் பார்த்து, இவ்வளவு வெப்பமான நாட்டில் ஒரு காலத்தில் பனியாறு ஓடியிருக்கிறது என்று 1856-இலேயே சொன்னார்கள். கண்டங்கள் நகர்ந்தன என்ற வாதத்துக்குப் பின்னாளில் கிடைத்த முக்கியச் சான்றுகளில் அதுவும் ஒன்று. ஓல்டாமின் மகன் ரிச்சர்டு இதே நிறுவனத்தில் பணியாற்றியவர். 1897 ஜூன் 12 அன்று அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்து, அதிர்வலைகள் மூன்று வகையாக வந்து சேர்வதைப் பிரித்துக் காட்டினார். 1906-இல், ஓய்வு பெற்ற பிறகு, பூமியின் மையத்தில் தனியாக ஒரு கருவம் இருக்கிறது என்பதற்கான சான்றை முன்வைத்தவரும் அவரே.

ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவரும் ஜி.எஸ்.ஐ. அலுவலர்தான், பாறை பார்க்கப் போனவர். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்தையும் கண்டார்.

இந்தியர்களை உயர் பதவிக்கு எடுப்பதில் நிறுவனம் நீண்ட காலம் கஞ்சத்தனம் காட்டியது. 1880-இல் சேர்ந்த நிலவியலாளர் பி.என். போஸைத் தாண்டி, அவரைவிட இளையவரான தாமஸ் ஹாலண்டு என்ற ஆங்கிலேயருக்கு இயக்குநர் பதவி போனது. போஸ் விலகி மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் வேலைக்குப் போய், அங்கே இரும்புத் தாதுவைக் கண்டு 1904-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். ஜாம்ஷெட்பூர் உருக்காலை அங்கே அமைந்ததற்கு அந்தக் கடிதம் முக்கியக் காரணம். நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராக 1951-இல் வந்தவர் தஞ்சை மாவட்டம் மகாராஜபுரத்தைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரத்தை 1940-இல் முதலில் பதிவு செய்தவரும் அவர்தான். நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்ததும், 1940களில் ஜி.எஸ்.ஐ. துளையிட்டுப் பழுப்பு நிலக்கரியின் பரப்பை அளந்ததும் பலருக்குத் தெரிந்த கதை.

விடுதலைக்குப் பிறகு இதன் வேலைகள் சில பிரிந்து தனி நிறுவனங்களுக்குப் போயின. எண்ணெய் தேடல் ஓ.என்.ஜி.சி.க்குப் போனது. நிலத்தடி நீர்ப் பிரிவு 1972-இல் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோடு இணைந்தது. யுரேனியத்துக்கு அணு கனிம இயக்ககம் இருக்கிறது. நிலநடுக்கத்தைப் பதிவு செய்து உடனடியாக அறிவிப்பது தேசிய நில அதிர்வு மையத்தின் பணி. 1879-இல் தொடங்கிய அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமோ நிலநடுக்கம், ஆற்று நீரளவு, எரிமலை, காட்டுயிர் வரை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கிறது. சென்னையில் லேசாக ஆட்டம் கண்டாலும் நம்மவர்கள் அமெரிக்கத் தளத்தைத் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலங்கையில் ஏற்பாடு வேறு மாதிரி. அங்கே முதல் கனிம ஆய்வை 1903 முதல் 1906 வரை நடத்தியவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாளராக நாம் அறிந்த அதே குமாரசுவாமிதான். தோரியம் கொண்ட தோரியனைட் என்ற கனிமத்தை உலகுக்குக் காட்டியவர். இன்று அங்குள்ள புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம், ஆய்வு செய்வதோடு மணல் அள்ளவும் கல் உடைக்கவும் உரிமமும் வழங்குகிறது. ஆராய்பவரும் அனுமதிப்பவரும் ஒருவராக இருப்பது எனக்கு உவப்பில்லை. தமிழ்நாட்டில் உங்கள் ஊர்க் குவாரி அளவுக்கு மீறித் தோண்டுகிறது என்றால் ஜி.எஸ்.ஐ.க்கு மனு போட்டுப் பயனில்லை. மாநில அரசின் புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும்தான் போட வேண்டும்.

நம்பலாமா என்ற கேள்விக்கு நிலச்சரிவை வைத்தும் பதில் சொல்ல வேண்டும். இங்கே தவறான நம்பிக்கை உயிரைக் குடிக்கும். இந்திய நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, 4.2 லட்சம் சதுர கிலோமீட்டர், சரிவு அபாயம் உள்ளது. 2014-இல் தொடங்கி இந்தப் பரப்பு முழுவதையும் 1:50,000 அளவில் வரைந்து, அதிகம், நடுத்தரம், குறைவு என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். நீலகிரியிலும் டார்ஜிலிங்–கலிம்போங் பகுதியிலும் மழையளவை வைத்துச் சரிவு முன்னறிவிப்பைச் சோதனையாக வெளியிடத் தொடங்கினார்கள். 2024 ஜூலை 19 அன்று கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது. பதினொரு நாளில் வயநாடு புதைந்தது.

அந்த வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். உங்கள் வீடு அதில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. சரிவு எங்கே தொடங்கக்கூடும் என்பதைத்தான் அது வகைப்படுத்துகிறது. தொடங்கிய சேறும் பாறையும் ஓடை வழியே எத்தனை கிலோமீட்டர் பாய்ந்து எந்தத் தெருவை மூடும் என்பதற்குத் தனிக் கணிப்பு வேண்டும். முண்டக்கையிலும் சூரல்மலையிலும் ஊரை அழித்தது மேலே வெகு தொலைவில் கிளம்பிய சரிவு. ஆகவே 'எங்கள் இடம் குறைந்த அபாயம் என்று ஜி.எஸ்.ஐ. வரைபடத்திலேயே போட்டிருக்கிறது' என்று சொல்லி ஊட்டியிலோ குன்னூரிலோ மனை விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வாங்குவதற்கு முன் மேலே ஏறிப் பாருங்கள்: சரிவின் அடிவாரத்தைச் சாலைக்காக வெட்டியிருக்கிறார்களா, மழைநீர் போகும் வழியை அடைத்திருக்கிறார்களா, மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து நிற்கின்றனவா என்று. மலைச்சரிவில் பெரிய கட்டடம் எழுப்புவதாக இருந்தால் அந்த இடத்துக்கென்றே தனியாக நிலவியல் ஆய்வு வேண்டும். மாவட்ட வரைபடம் அதற்கு ஈடாகாது.

உங்கள் ஊரைப் பற்றி ஜி.எஸ்.ஐ. என்ன எழுதி வைத்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். பூகோஷ் என்ற அதன் இணையத் தளத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டால் பாறை வரைபடம், வேதியியல் தரவு, நிலச்சரிவு வரைபடம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் மாவட்ட வள வரைபடத்திலிருந்து தொடங்குவது எளிது. பாறை, மண், நீர், கனிமம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். கனிமத் தொகுதி ஏதாவது உங்கள் வட்டாரத்தில் ஏலத்துக்கு வந்தால், ஏல அறிவிப்போடு வரும் தொகுதிச் சுருக்கத்தைத் தேடிப் படியுங்கள். எந்தக் கட்டத் தேடல், எத்தனை துளை, எவ்வளவு ஆழம், எல்லைக்குள் காடு எவ்வளவு, பட்டா நிலம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும்.